ஏழுமலை ஏறும் டீசல்

விடியற்காலை நான்கு மணிக்கு அலிபிரி சோதனைச் சாவடியில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டுகள் ஏராளம். இடையிடையே கர்நாடகம், தெலங்கானா. பயணிகள் பெட்டி படுக்கையுடன் இறங்கி, சோதனை முடிந்து திரும்பும்வரை டிரைவர்கள் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி காத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூடச் சொல்லிவிடலாம்: கனமாகக் கடகடப்பது ஏழு பேர் ஏறிய டீசல் வண்டி, மெலிதாக ரீங்கரிப்பது பெட்ரோல் கார். இரண்டையும் ஓரம்கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் மலையேறுகிறது ஒரு பேட்டரி பஸ்.

டீசலா, பெட்ரோலா என்ற பழைய வழக்கை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலை சுமார் 850 மீட்டர். நடுவே சுமார் 18 கி.மீ. மலைப் பாதை. விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ், ஷோரூமில் சொல்லும் குதிரைத்திறன் எல்லாம் இந்தப் பாதையில் பரிசோதனைக்கு உள்ளாகின்றன. பரிசோதிப்பவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. மாதத் தவணை கட்டிக்கொண்டு ஒற்றை வண்டியை வைத்துப் பிழைக்கும் டாக்சிக்காரர்கள்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஏழு பேரும் அவர்கள் மூட்டை முடிச்சும் சேர்ந்து 2.3 டன் எடையுள்ள ஒரு வண்டியை 690 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். வளைவு, உராய்வு, ஏசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் தேவை. அதே வேலைக்குப் பெட்ரோல் ஒன்றேமுக்கால் லிட்டர் ஆகும். தினமும் ஏறி இறங்குபவருக்கு இந்த அரை லிட்டர்தான் மாதக் கடைசியில் வீட்டு வாடகை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எஞ்சினின் குணம். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே போகின்றன, தீப்பொறி பற்றவைக்கிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். அதனால் பத்து மடங்கை ஒட்டித்தான் அழுத்த முடியும். டீசலில் வெறும் காற்றை மட்டும் பதினைந்து, பதினேழு மடங்கு வரை அழுத்துகிறார்கள். காற்று பழுக்கக் காய்ந்துவிடுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே எரிகிறது. அழுத்தம் கூடினால் எரிபொருளிலிருந்து பிழியும் வேலையும் கூடும். ருடால்ப் டீசல் 1897இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் கால் பங்கை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களால் நினைத்துப் பார்க்க முடியாத விகிதம் அது.

டீசலின் மைலேஜ் பெருமையில் ஒரு பகுதி இரவல் பெருமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கனமானது. அதில் அடங்கியிருக்கும் சக்தியும் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவும் அதிகம்: லிட்டருக்குப் பெட்ரோலில் 2.3 கிலோ, டீசலில் 2.7 கிலோ. பங்க்கில் லிட்டர் கணக்கில் விற்பதால் டிரைவருக்கு லாபம். கிலோ கணக்கில் விற்றிருந்தால் டீசலின் புகழ் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மலையில் மைலேஜைவிட முக்கியமானது, டிரைவர்கள் பாஷையில், ‘புல்லிங்’. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் திறன். டொயோட்டாவின் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால் புரியும். 2.4 லிட்டர் டீசல் இன்னோவா கிரிஸ்டா (மேனுவல் கியர்) நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே சுமார் 340 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கொடுக்கிறது. 2022இன் இறுதியில் அறிமுகமான ஹைகிராஸின் ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் எஞ்சின் அதிகபட்சமாகத் தருவதே 205 சொச்சம். அதற்கும் 4,000 சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் பஸ்ஸின் பின்னாலேயே ஊர்ந்து, மறுபடி ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரம் காலடியில் தெரியும். பெட்ரோல் வண்டி அலறும். டீசல் வண்டி முனகிக்கொண்டே போய்விடும்.

மலைக்கு முதல் தார்ச்சாலை வந்தது நாற்பதுகளில், சென்னை மாகாணமாக இருந்தபோது. அதற்கு முன் நடை, முடியாதவர்களுக்கு டோலி. எழுபதுகளில் இரண்டாவது பாதை போட்டபின் ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று பிரித்துவிட்டார்கள். பஸ்களை முதலில் தேவஸ்தானமே ஓட்டியது. பிறகு அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் போயிற்று. கார் என்றால் அம்பாசிடர். 1980ஐ ஒட்டி அதில் டீசல் எஞ்சின் பொருத்தி விற்க ஆரம்பித்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். 1.5 லிட்டர், நாற்பதைத் தொடாத குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. அதில் ஆறேழு பேரைத் திணித்துக்கொண்டு மலையேறிய காட்சியைப் பார்த்தவர்கள் அதைப் பயணம் என்று சொல்ல மாட்டார்கள், பிரார்த்தனை என்பார்கள். ரேடியேட்டர் கொதித்தால் ஓரம்கட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். ஆனாலும் டாக்சிக்காரர்கள் அதை விடவில்லை. டீசல் மலிவு; எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார்.

1994இல் டாடா சுமோ வந்ததும் கும்பலாகத் திருப்பதிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. 2000இல் குவாலிஸ், 2005இல் இன்னோவா. இடையில் 1998 கடைசியில் டாடா இண்டிகா, டீசல் எஞ்சினைச் சின்னக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் உண்மையான திருப்பம் 2002இல் வந்த ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாரான இந்தக் கார், இந்தியாவுக்கு ‘காமன் ரெயில்’ நுட்பத்தைக் கொண்டுவந்த ஆரம்பகாலக் கார்களில் ஒன்று. பழைய டீசலில் பம்ப் தள்ளும் எரிபொருள் ஒரே மூச்சில் சிலிண்டருக்குள் விழுந்து வெடிக்கும். அந்தக் கடகட சத்தமும் கரும்புகையும் அதன் விளைவுதான். காமன் ரெயிலில் எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் டீசல் தயாராக நிற்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து, ஒரு சுற்றுக்குச் சில துளி என்று பல தவணையாகப் பீய்ச்சுகிறது. சத்தம் அடங்கியது, புகை குறைந்தது, டர்போ சேர்ந்ததும் பலம் கூடியது. டீசல் கார் என்றால் லாரியின் தம்பி என்ற இளக்காரம் அதோடு போயிற்று.

மலை இறங்கும் விஷயத்தில் மட்டும் டீசலுக்கு ஊர் கொடுத்திருக்கும் பெயர் கொஞ்சம் அதிகப்படி. அழுத்தம் அதிகம் என்பதால் எஞ்சினே நல்ல பிரேக்காக வேலை செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். நிஜத்தில், அழுத்திய காற்று மறுபடி விரியும்போது வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுவழி அடைபட்டு உள்ளே வெற்றிடம் உருவாகிறது. அந்த வெற்றிடத்துக்கு எதிராகப் பிஸ்டன்கள் மல்லுக்கட்டுவதுதான் உண்மையான எஞ்சின் பிரேக். டீசலில் அந்த அடைப்பு பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் லாரிகளிலும் பஸ்களிலும் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைக்கிறார்கள். பிரேக் பெடலை லேசாக்கும் வெற்றிடத்தையும் பெட்ரோல் எஞ்சின் தானே தருகிறது. டீசல் காரில் அதற்குத் தனியாக ஒரு பம்ப் சுழல வேண்டும்.

எஞ்சின் எதுவானாலும், எரிபொருள் மிச்சம் பிடிப்பதாக நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஆபத்து; எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஐம்பதுக்கு மேற்பட்ட வளைவுகள் கொண்ட பழைய பாதையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் அடிவாரம் வந்து சேர்ந்தால் அபராதம் போடும் ஏற்பாட்டைச் சபிக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். சபிக்கட்டும். உயிரோடு இருந்து சபிப்பது நல்லது.

திருப்பதியில் டீசல் என்பது பக்தர்களின் விஷயம். 70 கி.மீ. தள்ளி சித்தூரில் அது வயிற்றுப்பாடு. மே முதல் ஜூலை வரை இந்தப் பக்கம் மாம்பழ லாரிகளின் ராஜ்யம். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று அறியப்படும் தோத்தாபுரி, தோப்புகளிலிருந்து கூழ்த் தொழிற்சாலைகளுக்கு டிராக்டரிலும் மினி லாரியிலும் போய்ச் சேர்கிறது. தொழிற்சாலை வாசலில் வரிசை நீளும்போது பழம் வெயிலில் வேகிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு சித்தூர் வழியாகப் போகும் சாலை, பலமநேருக்கு முன்னால் மொகிலி கணவாயில் ஏறுகிறது. விபத்துகளுக்குப் பேர் போன இடம். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே முதல் கியரில் தவழ்வதைப் பார்த்தால், இந்த நாட்டின் சரக்கை ஏன் இன்றும் டீசல்தான் சுமக்கிறது என்பது விளங்கும்.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இந்த மூலையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆந்திரத்தில் எரிபொருள் வரி தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும்விட அதிகம். டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். லாரி டிரைவர்கள் எல்லை தாண்டி டாங்கை நிரப்பிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். சென்னை டாக்சிக்காரரும் அப்படியே. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பங்க்காரர்கள் வண்டிகள் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

விலைதான் டீசல் காரை வளர்த்தது; விலைதான் அதைச் சாய்த்தது. விவசாயியின் பம்ப் செட்டுக்கும் அரிசி ஏற்றிவரும் லாரிக்கும் என்று பல்லாண்டுகளாக டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியவர்கள் டீசலைத் தொடவில்லை. இடைவெளி விரிந்துகொண்டே போயிற்று. 2012 மே மாதத்தில் தில்லியில் பெட்ரோல் ரூ.73, டீசல் ரூ.41. கார் வாங்குபவர்களுக்குக் கணக்கு தெரியாதா? விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசலாயின. ஏழை விவசாயிக்கான சலுகை, குளிரூட்டிய எஸ்யூவிகளின் டாங்கில் போய் விழுந்தது. கிரித் பாரிக் குழு 2010லேயே டீசல் காருக்கு ரூ.80,000 கூடுதல் வரி விதிக்கலாம் என்று சொல்லியிருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2013 ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது காசு என்று ஏற்றி, 2014 அக்டோபரில் டீசலையும் சந்தையிடம் விட்டார்கள்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கிளம்பி, திருமலை ஏறி, தரிசனம் முடித்துத் திரும்ப சுமார் 320 கி.மீ. டீசல் இன்னோவா லிட்டருக்கு 12 கி.மீ. தருவதாக வைத்துக்கொண்டால் 27 லிட்டர். அதே அளவு பெட்ரோல் வண்டி 9 கி.மீ. தந்தால் 36 லிட்டர். 2012இன் அந்த விலையில் டீசலுக்கு ரூ.1,100, பெட்ரோலுக்கு ரூ.2,600. ஒரு நடைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம். வண்டியின் கூடுதல் விலையை இரண்டே வருடத்தில் எடுத்துவிடலாம். 2025இல் சென்னையில் டீசல் ரூ.92, பெட்ரோல் ரூ.101 என்ற அளவில் இருந்தன. அதே பயணத்தில் மிச்சம் ரூ.1,150. ரூபாயில் பெரிய சரிவாகத் தெரியாது. ஆனால் டீசல் செலவு ரூ.2,500ஐத் தொட்டுவிட்டது, வண்டி விலையும் சர்வீஸ் செலவும் அதைவிட வேகமாக ஏறியிருக்கின்றன. ஹைபிரிட் பெட்ரோல் வண்டி நிஜ ஓட்டத்தில் 16 கி.மீ. தந்தால் ரூ.2,000தான் ஆகும். டீசலின் தனிச்சொத்தாக இருந்த வாதத்தை ஒரு பெட்ரோல் வண்டியே தட்டிப் பறித்துவிட்டது.

பெட்ரோலுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2025இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜில் சில சதவீதம் அடிபடத்தான் செய்யும். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை ஒருவித ரகசியத் திருப்தியோடு பேசிக்கொள்கிறார்கள்.

ஆனால் புகை விஷயத்தில் டீசலுக்கு வக்காலத்து வாங்குவது சுலபமில்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012 ஜூனில் திட்டவட்டமாக அறிவித்தது. 2015 செப்டம்பரில் போக்ஸ்வாகன், சோதனைக் கூடத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் சாப்ட்வேரை டீசல் கார்களில் வைத்திருந்தது அம்பலமாயிற்று. ‘சுத்தமான டீசல்’ என்ற விளம்பர வாசகம் அன்றோடு செத்தது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி. டீசல் காரின் துகள் அளவு கிலோமீட்டருக்கு 0.025 கிராமிலிருந்து 0.0045க்கு இறங்க வேண்டும்; நைட்ரஜன் ஆக்சைடு 0.25லிருந்து 0.08க்கு. எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. காகிதத்தில், புதிய டீசல் கார் பெட்ரோல் காரின் பக்கத்தில் உட்காரும் தகுதியைப் பெற்றுவிட்டது. அதற்கான விலை புகைக்குழாயில் இருக்கிறது: கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, பெரிய வண்டிகள் பலவற்றில் யூரியா கரைசல் பீய்ச்சும் கருவி. வடிகட்டியில் சேரும் கரியை எரித்துத் தள்ள நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் மட்டும் நாள் முழுதும் சுற்றும் வண்டிக்கு அந்த பாக்கியம் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். பழைய அம்பாசிடர் மெக்கானிக்கால் இதில் கை வைக்க முடியாது. இந்தச் செலவைச் சின்னக் கார்களால் தாங்க முடியவில்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. விற்பனையில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போயிற்று. மிஞ்சியவை பெரும்பாலும் பெரிய எஸ்யூவிகள். 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டீசல் வாகனங்களுக்கு மேலும் 10 சதவீத ஜிஎஸ்டி பற்றிப் பேசினார். அப்படி ஒரு யோசனை பரிசீலனையில் இல்லை என்று அன்றே விளக்கமும் தந்தார். வாங்க நினைத்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்ததுதான் மிச்சம்.

இந்த வட்டாரத்தின் இரண்டு தொழிற்சாலைகள் இந்த வழக்கில் எதிரெதிர் சாட்சிகள் போல நிற்கின்றன. தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016 ஏப்ரலில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது சித்தூர் மாவட்டம்; 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டம். 1930களிலேயே டீசல் எஞ்சின் வடிவமைத்த நிறுவனம் அது. இந்தியாவில் அது விற்கும் பிக்-அப்புகளும் எஸ்யூவியும் டீசல் மட்டுமே. தொண்ணூறுகளில் அம்பாசிடரின் பலவீனத்துக்கு மருந்தாக ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தேடிப் போனதும் இதே இசுசுவின் எஞ்சின்களைத்தான். அம்பாசிடர் போய்விட்டது, எஞ்சின்காரர் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார்.

மறுபக்கம் திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலை. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய நிறுவனம். ‘அமரான்’ பேட்டரி இவர்களுடையது. டீசலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. பதினேழு மடங்கு அழுத்தத்துக்கு எதிராக எஞ்சினை முதல் சுற்று சுழற்ற, பெட்ரோல் காரைவிடப் பெரிய பேட்டரி வேண்டும். டீசல் பெருகியபோது பெரிய பேட்டரிகளுக்கும் கிராக்கி. இப்போது அதே நிறுவனம் தெலங்கானாவில் லித்தியம் பேட்டரி ஆலையில் முதலீடு செய்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது வியாபாரிகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

2022 செப்டம்பரில், பிரம்மோற்சவத்தையொட்டி, ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் திருமலைப் பாதையில் மின்சார பஸ்களை இறக்கியது. மலைக்கு இவை பொருத்தமானவை என்பதற்குக் காரணம் புகையின்மை மட்டுமல்ல. மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு பலத்தையும் கொடுக்கும்; ‘புல்லிங்’கில் எந்த டீசலும் கிட்டே வர முடியாது. இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி, வண்டியின் வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. டீசல் வண்டி ஏறும்போது செலவழித்த ஒன்றேகால் லிட்டர், இறங்கும்போது பிரேக் டிரம்மில் சூடாகிக் காற்றோடு போய்விடும். மின்சார பஸ் அதில் ஒரு பங்கையாவது மீட்டுக்கொண்டு வருகிறது.

அடிவாரத்துக்கும் மலைக்கும் இடையே ஓடி, இரவில் தன் டிப்போவுக்குத் திரும்பி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸுக்கு இது சரி. அலிபிரி வரிசையில் நிற்கும் டாக்சிக்காரரின் நாள் அப்படிப்பட்டதல்ல. இன்று திருமலை, நாளை காளஹஸ்தி, மறுநாள் காணிப்பாக்கம் வழியாக வேலூர் பொற்கோயில். திடீரென்று ஒரு குடும்பம் மந்திராலயம் என்று சொன்னாலும் கிளம்ப வேண்டும். சிஎன்ஜி மலிவுதான், ஆனால் டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொண்டால் ஆறு பேரின் பைகளையும் லட்டுகளையும் எங்கே வைப்பது? ஹைபிரிட் மைலேஜ் கொடுக்கும். வாங்கும்போதே டீசலுக்குச் சமமாகவோ மேலாகவோ கேட்கும். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய டீசல் இன்னோவாவுக்கு எஞ்சின் வேலை பார்த்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதா, தவணையில் புதிதாக எடுப்பதா, எடுத்தால் எதை எடுப்பது என்ற கேள்விக்கு ஷோரூமில் பதில் கிடைப்பதில்லை. சோதனை முடிந்து பயணிகள் வந்து ஏறுகிறார்கள். கதவுகள் சாத்தப்படுகின்றன. இரண்டாவது கியரில், லேசாக முனகியபடி, வண்டி முதல் வளைவில் திரும்புகிறது.